முதல் தவணை எப்போது?

மார்ச் 4
காலை முழுக்கப் பட்டர்வொர்த்தில் ஓர் அக்காவின் கணக்கு நோட்டோடு போனது. வீட்டில் இடியாப்பம் அவித்துச் சந்தையில் விற்கிறார். கடன் 5,000 ரிங்கிட், வட்டி 10 விழுக்காடு, 12 மாதத் தவணை. மாதம் 458 ரிங்கிட் சொச்சம். "பத்துதானே மேடம்" என்றார். அசல் அடைய அடைய வட்டி இறங்காத கணக்கு இது. கடைசி மாதமும் முழு 5,000-க்கே வட்டி. மீதமுள்ள அசலுக்கு மட்டும் போட்டால் ஏறக்குறைய 18 விழுக்காடு. தாளில் போட்டுக் காட்டினேன். அசரவில்லை. "ஆலோங்கிட்ட போறதுக்கு இது எவ்வளவோ தேவல." ஆலோங் என்றால் உரிமமில்லாத கந்துவட்டிக்காரன்.

சரி, அதை மறுக்க முடியாது. என்னை உறுத்தியது வேறு. கடன் பணத்தில் ஆயிரத்தைத் தொடவே இல்லை. முதல் இரண்டு தவணைக்காம்! அதற்கும் சேர்த்து வட்டி கட்டுகிறார். பெரிய அவிப்பான் வாங்கும் யோசனை அப்படியே கிடக்க, வாங்கியது மாவும் தேங்காயும்.

மார்ச் 7
மழை. பழைய கோப்புகள். 1986-இல் நம் பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் டேவிட் கிப்பன்சும் சுக்கோர் காசிமும் ஏழைகளுக்குச் சிறுகடன் கொடுக்கும் வங்காளதேசத்து கிராமின் வங்கியின் முறையை வடமேற்கு சிலாங்கூரில் சோதித்தார்கள். மறு ஆண்டே அமானா இக்தியார் என்ற சிறுகடன் அமைப்பு தொடங்கியது. ஐவர் குழு, பிணை கிடையாது, வாராவாரம் தவணை. அந்தப் பிரமிப்பில்தான் நானும் இத்துறைக்கு வந்தேன்.

மார்ச் 12
கொல்கத்தா ஆய்வை மறுபடி எடுத்தேன். எரிகா ஃபீல்ட், ரோகிணி பாண்டே குழு, 2013. முதல் தவணையை இரண்டு வாரத்துக்குப் பதில் இரண்டு மாதம் தள்ளிக் கொடுத்தார்கள். கடன் வாங்கியவர்கள் துணிந்து தொழிலில் முதல் போட்டார்கள், லாபமும் கூடியது. ஆனால் கட்டாமல் விட்டவர்களும் கூடினார்கள். இந்தப் பின்பாதியைப் பலர் மேடையில் விழுங்கிவிடுகிறார்கள்.

மார்ச் 15
கடன் கொடுத்த அலுவலகத்தில் பேசினேன். "எல்லாரும் ஒழுங்காத்தானே கட்டுறாங்க?" என்றார் அதிகாரி. அக்காவின் தவணை பாதி நாள் கணவரின் லாரிச் சம்பளத்தில் போகிறது. அது அவர்கள் பதிவேட்டில் எங்கே தெரியும்? அவிப்பானுக்கு அக்கா கூட்டுப் பணத்தைத்தான், அதாவது பலர் மாதாமாதம் போட்டு முறைவைத்து ஒருவர் எடுக்கும் சீட்டைத்தான், நம்பியிருக்கிறார். கூட்டு நடத்துவதற்கு 1971 முதல் சட்டத்தில் தடை. அதை என் அறிக்கையில் எழுதப் போவதில்லை.

நிலுவை ஏறலாம் என்பதையும் சேர்த்தே சொன்னேன். ஒரு குழுவுக்காவது முதல் தவணையை இரண்டு மாதம் தள்ளிப் பார்க்கக் கேட்டிருக்கிறேன். கடிதமாகக் கொடுங்கள் என்றார். எழுதிக்கொண்டிருக்கிறேன்.