செம்மரத்தின் தாய்மரக் கணக்கு

செம்மரத்தைக் காப்பது என்றதும் நட்ட கன்றுகளின் எண்ணிக்கையைத்தான் பலரும் கேட்கிறார்கள். மர மரபியல் ஆய்வில் வேலை பார்க்கும் நான், அந்தக் கன்றுகள் எத்தனை தாய்மரங்களின் வழிவந்தவை என்று கேட்கிறேன்.

கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில், சேஷாசலம், வேலிகொண்டா, பாலகொண்டா மலைகளைச் சார்ந்த வறண்ட இலையுதிர் காடுகளில்தான் இந்த மரம் பெரும்பாலும் இயற்கையாக வளர்கிறது. அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் 1995-இல் இது சேர்க்கப்பட்டது. ஆனாலும் திருட்டு வெட்டு ஓயவில்லை. வைரம் பாய்வதற்குப் பல பத்தாண்டுகள் ஆகும் என்பதால், வெட்டுபவர்கள் பருத்து முதிர்ந்த மரங்களையே தேடிப் போகிறார்கள்; நிறையக் காய்த்து விதை தருபவையும் அவைதாம்.

வெட்டிய பிறகும் தூர் தழைத்துவிடுவதால், தூரத்தில் இருந்து பார்த்தால் காடு அப்படியே இருப்பதாகத் தோன்றும். இலை மாதிரி எடுக்கும்போது சருகை விலக்கி அடிப்பகுதியைத் தடவிப் பார்க்கிறோம். ஒரே தூரில் இருந்து கிளம்பிய நாலைந்து தண்டுகளும் மரபணுக் கணக்கில் ஒரே மரம்தான். முற்றிய இலையில் துவர்ப்புப் பொருள் மிகுதி என்பதால், பிரித்தெடுக்கும் டிஎன்ஏ பழுப்பேறி வீணாகிவிடும். ஆகவே தளிரைப் பறித்து, அங்கேயே சிலிக்கா ஜெல்லில் போட்டு உலர்த்திக் கொண்டுவருகிறோம்.

முதிர்ந்த மரங்களை மட்டும் ஆராய்ந்தால் மரபணுப் பன்மை, அதாவது மரத்துக்கு மரம் மரபணுக்களில் உள்ள வேறுபாடு, போதுமான அளவு இருப்பதுபோலத் தெரியலாம். அதை நம்பி நிம்மதியடைவது ஆபத்தானது என்பது என் உறுதியான கருத்து. இன்று நிற்கும் பெரிய மரங்கள் காடு அடர்ந்திருந்த காலத்தில் முளைத்தவை; மரங்கள் குறைந்ததன் விளைவு அவற்றின் பிள்ளைகளிடமும் பேரப்பிள்ளைகளிடமும்தான் வெளிப்படும். அரிதான மரபணு வடிவங்கள் முதலில் மறைந்துவிடும். பன்மையின் சராசரி அளவோ மெதுவாகத்தான் இறங்கும். அதனால் பெரிய மரங்களோடு அவற்றின் அடியில் முளைத்த நாற்றுகளையும் சேர்த்தே ஆராய வேண்டும்.

நாற்றங்காலிலும் இதே சிக்கல் உண்டு. செம்மரத்தின் காய் தட்டையாக, விளிம்பைச் சுற்றி இறக்கையோடு இருக்கும். உள்ளே பெரும்பாலும் ஒரே விதை, அதுவும் எளிதில் முளைக்காது. விதை சேகரிக்கப் போகிறவர்கள், நியாயமாகவே, பாதையோரத்தில் கைக்கெட்டும்படி நன்றாகக் காய்த்த சில மரங்களிலேயே மூட்டையை நிரப்பிவிடுகிறார்கள். அந்த விதையில் ஒரு லட்சம் கன்று வளர்த்தாலும், அவற்றில் பெரும்பாலானவை உடன்பிறப்புகளாகவோ, தாய் மட்டும் ஒன்றான பாதி உடன்பிறப்புகளாகவோ இருக்கும். நாளை அந்தத் தோப்பில் தேனீக்கள் மகரந்தம் சுமப்பது நெருங்கிய உறவுகளுக்குள்ளேயே நடக்கும்.

ஒன்றுக்கொன்று விலகி நிற்கும் மரங்களில், பல குன்றுகளில் இருந்து, மரத்துக்கு இவ்வளவு என்று சம அளவில் விதை எடுக்கும்படி வற்புறுத்துகிறோம். நடை கூடும், கூலி கூடும், ஒரு பருவத்தில் கிடைக்கும் விதை குறையும். திட்ட அறிக்கையில் காட்டும் கன்றுகளின் எண்ணிக்கையும் அதற்கேற்பச் சரியும். அந்தச் சரிவை ஏற்றுக்கொள்ளலாம் என்றே நினைக்கிறேன். ஆனால் ஒவ்வொரு விதைப் பையிலும் தாய்மரத்தின் எண்ணும் இடமும் எழுதப்பட்டிருப்பதில் எந்தத் தளர்வும் கூடாது. இன்று நடும் தோப்புதான் நாளைக்கு விதை கொடுக்கும் தோப்பு. அப்போது அதன் வம்சாவளியைத் தேடினால், எழுதி வைத்திருந்தால் மட்டுமே எளிதில் கிடைக்கும்.