எக்கோவில் 60 சதவீதம் வந்தது, ஆனால் அது எங்கள் பாப்பாவின் இதயத்துக்கான கணக்கே இல்லை

பாப்பாவுக்கு நாலு வயது. இடது கீழறை வளரவில்லை. வலது கீழறை ஒன்றேதான் உடம்பு முழுக்க ரத்தம் தள்ளுகிறது. பிறந்த எட்டாம் மாதத்தில் க்ளென் முடிந்தது, மேலுடம்பு ரத்தத்தை நேரே நுரையீரலுக்குத் திருப்பிவிடும் ஆபரேஷன். அடுத்து கீழுடம்பு ரத்தத்தையும் அப்படியே திருப்பிவிடும் ஃபோன்டன் ஆபரேஷன், அதற்கு முன்னால் புது எக்கோ, அதாவது இதயத்துக்கான ஸ்கேன், எடுத்து வரச் சொன்னார்கள். எக்கோதானே என்று கிளம்பி மூன்று தடவை அலைந்தோம்.

முதல் தப்பு எங்களுடையது. சென்னை வரை எதற்கு என்று எங்கள் ஊரிலேயே பெரியவர்களுக்கு எக்கோ பார்க்கும் சென்டருக்குப் போனோம். பத்தே நிமிடம். 'இ.எஃப். 60%, நார்மல்' என்று ரிப்போர்ட் கையில் வந்தது. கீழறையில் நிறைந்த ரத்தத்தில் ஒரு துடிப்புக்கு எத்தனை சதவீதம் வெளியே போகிறது என்பதுதான் இ.எஃப். என் மாமியார் பிள்ளையார் கோயிலில் தேங்காய் உடைத்துவிட்டு வந்தார்.

சென்னையில் குழந்தை இதய டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, "இந்த அறுபதை மறந்துடுங்கம்மா" என்றார். இடது கீழறை முட்டை வடிவம் என்று வைத்துக்கொண்டு, குறுக்கே ஒரு கோட்டில் அகலத்தை அளந்து போடும் கணக்காம் அது. பாப்பாவுக்கு இருப்பது வலது கீழறை, அதுவும் எல்லா வேலையையும் சுமந்து வீங்கிப் போனது. அதற்கு இந்தச் சூத்திரம் பொருந்தாது. ரிப்போர்ட்டில் வால்வைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

அன்றைக்கே அங்கே எடுத்துவிடலாம் என்றால் பில் கவுண்டரில் வினை. குழந்தை எக்கோவுக்குப் பதிலாகச் சாதா எக்கோ என்று பில் போட்டுவிட்டார்கள். இரண்டரை மணி நேரம் வேறு வரிசையில் உட்கார்ந்திருந்தோம். கேட்டால், "எல்லாம் எக்கோதானேம்மா?" என்கிறார் அந்த அண்ணன். ஒருவழியாகக் கூப்பிட்டுத் தூக்க மருந்து கொடுத்தால் பாதியைத் துப்பிவிட்டாள். இரவெல்லாம் ரயிலில் நன்றாகத் தூங்கி வந்த பிள்ளைக்கு மீதிப் பாதி எந்த மூலைக்கு? தூக்கமும் வராமல் விழிப்பும் இல்லாமல் ஒரு மணி நேரம் கத்தினாள். இப்படி அழும்போது எடுத்தால் நாடித் துடிப்பு ஏறி அளவுகளே மாறும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

பழைய படங்களோடு ஒப்பிட வேண்டும் என்றும் சொல்லியிருந்தார்கள். க்ளென் சமயத்து எக்கோ படங்களை நான் பத்திரமாக இருக்கட்டும் என்று லேமினேட் பண்ணி வைத்திருந்தேன். எடுத்துப் பார்த்தால் எல்லாம் கரிக்கட்டை! அந்தப் பேப்பருக்குச் சூடு ஆகாதாம். செய்துவிடாதீர்கள். வீடியோவாக சிடியிலோ பென் டிரைவிலோ கேட்டு வாங்குங்கள், கேட்காமல் தரமாட்டார்கள். ஆபரேஷன் நோட்ஸ் நகலும் வேண்டும், டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது.

மூன்றாம் தடவை தூக்க மருந்தே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். செல்போனில் கார்ட்டூன், மடியில் அவளுடைய போர்வை. டெக்னீஷியன் அக்கா ஜெல்லைக் கையில் வைத்துச் சூடு பண்ணித் தடவினார். கழுத்தை மல்லாத்தி, தொண்டைக் குழியில் வைத்துப் பார்க்கும் கட்டம்தான் பிள்ளைகளுக்குப் பிடிக்காது. அதைக் கடைசிக்குத் தள்ளச் சொல்லுங்கள். எடை, உயரம் அன்றைக்கே அளக்கிறார்களா என்றும் பாருங்கள். பழைய ஃபைலில் இருந்த 11 கிலோவை அப்படியே எழுதப் போனார்கள். இப்போது 13. உடம்பு அளவை வைத்துத்தான் வால்வும் ரத்தக்குழாயும் பெரிதா சிறிதா என்று சொல்கிறார்கள்.

முக்கால் மணி நேரம் பார்த்தார் டாக்டர். அறை விரிந்தபோது ஓரத்தைச் சுற்றி ஒரு கோடு, சுருங்கியபோது ஒரு கோடு. பரப்பு எவ்வளவு குறைகிறது என்று கணக்கு. 38 சதவீதம். வலது கீழறைக்கு 35-க்கு மேல் இருந்தால் பரவாயில்லையாம். நான் மூச்சு விடுவதற்குள், "இதை மட்டும் நம்பக் கூடாதும்மா" என்றார். மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் இருக்கும் வால்வில் லீக் இருந்தால் ரத்தத்தில் ஒரு பங்கு பின்னாலேயே சுலபமாகப் போய்விடும். அதையும் சேர்த்துப் பார்க்கும்போது இதயம் நன்றாகச் சுருங்குகிற மாதிரியே தெரியுமாம். பாப்பாவுக்கு அந்த லீக் மைல்டிலிருந்து மாடரேட் ஆகியிருக்கிறது. ஊர் சென்டரின் 'நார்மலில்' இது எங்கே இருந்தது?

நுரையீரல் குழாயின் அழுத்தம் எக்கோவில் சரியாகத் தெரியாது, அதற்கு ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாய் விட்டு அளக்கும் கத்தீட்டர் போட்டே ஆகவேண்டும் என்றார். அடுத்த மாதம் தேதி கொடுத்திருக்கிறார்கள். வால்வையும் ஃபோன்டனோடு சேர்த்துச் சரி பண்ண வேண்டுமா என்பது அதற்குப் பிறகுதான் தெரியும்.

இந்தத் தடவை ரிப்போர்ட்டில் இ.எஃப். கட்டத்தில் எண்ணே இல்லை, ஒரு கோடு மட்டும் இழுத்திருக்கிறார்கள். மாமியாருக்கு அதுதான் கவலை, எண் எங்கே எண் எங்கே என்கிறார். தப்பாகப் போட்ட பில்லுக்கு ரீஃபண்ட் கேட்டிருக்கிறேன். ஒரிஜினல் பில்லைக் கொண்டுவா என்கிறார்கள். அதை வாங்கி வைத்துக்கொண்டதே அவர்கள்தான்.