காய்ச்சல் விட்ட அன்றுதான் கண் அசராமல் பார்க்க வேண்டும்

2017-இல் தமிழ்நாட்டில் டெங்கு பரவியபோது அரசு மருத்துவமனை ஒன்றின் காய்ச்சல் வார்டில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தேன். கட்டில்கள் எல்லாம் கொசுவலைக்குள். பகலிலும் வலையை விலக்க விடமாட்டோம். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் பகலில் கடிக்கும் கொசு. நோயாளியைக் கடித்தால் வைரஸை அடுத்தவருக்குக் கொண்டுபோகும்.

"பிளேட்லெட் எவ்வளவு சிஸ்டர்?" இதைக் கேட்காத ஆள் கிடையாது. நாங்கள் அதைவிட உன்னிப்பாகப் பார்ப்பது பிசிவி (ரத்தத்தில் சிவப்பணுக்களின் சதவீதம், நீர் கசிந்தால் ஏறும்), பிபி, சிறுநீர். ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிவதுதான் டெங்குவில் பெரிய ஆபத்து. அதுவும் காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான் நடக்கும்.

எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன். ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டதும் அவன் அம்மாவுக்கு நிம்மதி. "வீட்டுக்குப் போலாமா சிஸ்டர்?" என்றார். பையனோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தான். பாதத்தைத் தொட்டேன், சில்லென்று இருந்தது. பிபி 100/80. மேல் எண்ணை மட்டும் பார்த்தால் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் இரண்டுக்கும் நடுவே 20-தான் என்றால் ஷாக், அதாவது உடம்புக்கு ரத்த ஓட்டம் போதாமல் போகும் நிலை, தொடங்கிவிட்டது என்று அர்த்தம். பிசிவி 38-லிருந்து 46-க்கு ஏறியிருந்தது. டூட்டி டாக்டரைக் கையோடு அழைத்து வந்தேன்.

எடையைக் கணக்கிட்டு ட்ரிப்ஸை வேகப்படுத்தினோம். அடிக்கடி பிபி, நாடி, கால் சூடு. அம்மாவிடம் அளவுக்கோடு போட்ட குவளையைக் கொடுத்து, சிறுநீரை ஒவ்வொரு முறையும் அளந்து சொல்லச் சொன்னேன். ராத்திரி முழுக்க ஒரு தடவைகூட அவர் தவறவிடவில்லை. டெங்கு வைரஸை அழிக்கத் தனி மருந்து இல்லை. இப்படிப் பக்கத்திலிருந்து பார்க்க ஆள் வேண்டும். அத்தனை கட்டில்களுக்கு இரவில் நர்ஸ்கள் போதவில்லை என்பது இன்றைக்கும் என் ஆதங்கம்.

மறுநாள் பிசிவி இறங்கியது, சிறுநீர் நன்றாகப் போனது. உடனே ட்ரிப்ஸைப் படிப்படியாகக் குறைத்தோம். கசிந்த நீர் ரத்தத்துக்குத் திரும்பும்போதும் ஏற்றிக்கொண்டே இருந்தால் நுரையீரலில் நீர் கோத்துவிடும். ரத்தக்கசிவு இல்லாததால் பிளேட்லெட் ஏற்றவேண்டி வரவில்லை.

டிஸ்சார்ஜ் அன்று அம்மாவிடம், வாரம் ஒருமுறை தண்ணீர் டிரம்மைக் காலி செய்து உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவச் சொன்னேன். கொசுமுட்டை டிரம்மின் உள்சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்தாலும் மாதக்கணக்கில் கிடக்கும். "தண்ணியே பத்து நாளைக்கு ஒருதடவைதான் வருது சிஸ்டர், எப்படிக் காலி பண்றது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. சரி, கொசு நுழையாதபடி துணியால் இறுக்கிக் கட்டி வையுங்கள், தண்ணீர் தீர்ந்ததும் அடுத்து பிடிப்பதற்கு முன்னால் தேய்த்துவிடுங்கள் என்றேன்.