தாத்தாவின் கட்டைவிரலும் உயிர்வாழ் சான்றும்

என் தாத்தா, அதாவது அம்மாவின் அப்பா, திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்து 2001-ல் 60 வயதில் ஓய்வு பெற்றவர். அரம் பிடித்து ராவிய இரும்பைக் கண்ணால் பார்ப்பதைவிடக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தே வேலை முடிந்ததா இல்லையா என்று சொல்வாராம். அந்தப் பழக்கம் இன்றும் அவரை விடவில்லை. நான் சிறுமியாக இருந்தபோது, புதிதாக வாங்கிய எவர்சில்வர் டம்ளரின் விளிம்பை விரலால் ஒரு சுற்றுச் சுற்றி, பிசிறு இல்லை என்று உறுதியான பிறகுதான் அதில் எனக்குப் பால் ஊற்றித் தருவார். அப்பாவுக்கு வெளிமாநிலத்தில் வேலை என்பதால் நானும் அம்மாவும் தாத்தா வீட்டிலேயே இருந்தோம். பணிமனைச் சங்கு ஊதுவதற்கு முன் என்னைச் சைக்கிளில் பள்ளியில் இறக்கிவிட்டுச் செல்வது அவர் வேலை. என்னைத் தூக்கி இறக்கிய அந்தக் கைகளின் ரேகைதான் இப்போது எந்தக் கருவியிலும் பதிய மறுக்கிறது. அவருக்கு உயிர்வாழ் சான்று எடுக்க நாங்கள் பட்ட பாட்டை, வீட்டில் முதியவர்களை வைத்திருப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால் முழுமையாக எழுதுகிறேன்.

ரயில்வே ஓய்வூதியர்கள் உள்ளிட்ட மத்திய அரசு ஓய்வூதியர்கள், தாங்கள் உயிருடன் இருப்பதற்கான சான்றை ஆண்டுதோறும் நவம்பர் மாதத்தில் அளிக்க வேண்டும். 80 வயதைக் கடந்தவர்கள் கூட்டத்தில் சிக்கிக்கொள்ளாமல் அக்டோபர் 1 முதலே அளிக்கலாம். நவம்பர் 30-க்குள் சான்று போய்ச் சேராவிட்டால் அடுத்த மாதத்திலிருந்து ஓய்வூதியம் நின்றுவிடும். சான்று சேர்ந்த பிறகு நிலுவையோடு திரும்ப வரும். 2014 நவம்பரில் ‘ஜீவன் பிரமாண்’ திட்டம் தொடங்கப்பட்டதிலிருந்து ஆதார் வழியாகக் கைரேகையையோ கருவிழியையோ பதிந்து இதை மின்னணு முறையில் செய்ய முடிகிறது. 2021 நவம்பரில் முகத்தை வைத்துச் செய்யும் வசதியும் சேர்ந்தது.

தாத்தாவுக்கோ ‘லைஃப் சர்டிபிகேட்’ என்றால் வங்கிக்கு நேரில் போவதுதான். நவம்பர் முதல் வாரத்தில் ஒரு நாள், பெட்டி போட்ட வெள்ளைச் சட்டை அணிந்து, ஓய்வூதிய ஆணையையும் பாஸ்புக்கையும் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து எடுத்துக்கொண்டு, காலை ஒன்பதரைக்கெல்லாம் வங்கி வாசலில் நிற்பார். உடன் வேலை பார்த்தவர்களில் யார் யார் வந்திருக்கிறார்கள், யார் வரவில்லை என்பதை ஆண்டுக்கு ஒருமுறை அந்த வரிசையில்தான் அவர் தெரிந்துகொள்வார். திரும்பி வந்ததும் வராதவர்களின் பெயரைப் பாட்டியிடம் ஒவ்வொன்றாகச் சொல்வார். பாட்டி போன பிறகு என்னிடம் தொலைபேசியில் சொல்வார்.

2023-ல் அவர் குளியலறையில் வழுக்கி விழுந்து முழங்காலில் அடிபட்டிருந்தது. வங்கி வரிசையில் நிற்க வேண்டாம், வீட்டுப் பக்கத்தில் இருக்கும் கணினி மையத்திலேயே முடித்துவிடலாம் என்று வற்புறுத்தியவள் நான்தான். அங்கே விரலை ஈரத்துணியால் துடைத்தும், தேங்காயெண்ணெய் தொட்டுத் தேய்த்தும் பலமுறை வைத்துப் பார்த்த பிறகு நடுவிரல் ஒருவழியாகப் பதிந்தது. சிறிது நேரத்தில் பிரமாண் எண்ணுடன் குறுஞ்செய்தி வந்ததால், வேலை முடிந்தது என்று நானும் சென்னைக்குத் திரும்பிவிட்டேன்.

அந்தச் சான்று உருவானதே தவிர ஏற்கப்படவில்லை என்பது எங்களுக்கு ஜனவரியில்தான் தெரிந்தது. படிவத்தில் ஓய்வூதியம் வழங்கும் வங்கி என்ற இடத்தில், பட்டியலில் அடுத்திருந்த வேறொரு வங்கி தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தது. குறுஞ்செய்தியில் வரும் பிரமாண் எண், சான்று உருவாகிவிட்டது என்பதை மட்டுமே சொல்கிறது. அதை ஓய்வூதியம் வழங்கும் இடம் சரிபார்த்து ஏற்பதோ நிராகரிப்பதோ தனி வேலை. இந்த ஒரு வேறுபாட்டை அன்று யாராவது சொல்லியிருந்தால் அந்த ஒன்றரை மாதம் எங்களுக்கு நேர்ந்திருக்காது.

டிசம்பர் கடைசியில் பணம் வரவில்லை என்பது தாத்தாவுக்கு அப்போதே தெரியும். யாரிடமும் சொல்லவில்லை. பொங்கலுக்கு நான் போனபோது வழக்கம்போல அம்மாவுக்கு ஓர் உறை, எனக்கு ஓர் உறை, அதே தொகை. மாட்டுப்பொங்கல் அன்று அவருடைய டிரங்குப் பெட்டியில் மருந்துச் சீட்டைத் தேடியபோது, தன் கடைசிச் செலவுக்கென்று அவர் பல ஆண்டுகளாகச் சேர்த்து மஞ்சள் துணியில் முடிந்து வைத்திருந்த பணம் பாதியாகக் குறைந்திருந்ததைப் பார்த்தேன். கேட்டதற்கு, “நீ சிரமப்பட்டு ஏற்பாடு பண்ணினே. அது சரியா வரலைன்னு சொன்னா உனக்குக் கஷ்டமா இருக்குமேன்னுதான் பாப்பா” என்றார். எனக்கு அன்று 31 வயது. பதில் சொல்லத் தெரியாமல் அந்தப் பெட்டிக்கு முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன்.

பொங்கல் விடுமுறை முடிந்ததும் ஆட்டோ வைத்து இருவரும் வங்கிக்குப் போனோம். தாளில் படிவத்தை நிரப்பி, அலுவலர் முன்னிலையில் கையெழுத்திட்டு நேரில் அளிக்கும் பழைய வழி இன்னும் இருக்கிறது என்பதும், மின்னணுச் சான்று கட்டாயம் இல்லை என்பதும் அன்றுதான் எனக்குத் தெரிந்தது. வேலை அரைமணி நேரத்தில் முடிந்தது. நின்ற பணம் நிலுவையோடு அந்த மாதக் கடைசியிலேயே வந்துவிட்டது. ஆனால் அந்த அரைமணி நேரமும் அங்கிருந்தவர்கள் தாத்தாவைப் பற்றிய எல்லாக் கேள்விகளையும் என்னிடமே கேட்டார்கள். “இவருக்கு வயசு என்ன? இவர் கையெழுத்துப் போடுவாரா?” நானும் யோசிக்காமல் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். படிவத்தை அவர் முன் வைத்தபோது, அவர் பேனாவைத் திறந்து, முதலில் என் முகத்தைப் பார்த்தார். கையெழுத்துப் போடவும் என் அனுமதி வேண்டும் என்பதுபோல இருந்த அந்தப் பார்வையை என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை. அடுத்த ஆண்டு இந்த வேலையை அவருக்காக நான் செய்யக் கூடாது, அவர் செய்யும்போது நான் உடன் இருக்க வேண்டும் என்று ஆட்டோவில் திரும்பும்போதே முடிவு செய்தேன்.

2024-ல் செப்டம்பர் மாதமே தொடங்கிவிட்டோம். சிறிய நோட்டு ஒன்றில் ஓய்வூதிய ஆணை எண், வங்கிக் கணக்கு எண், ஆதார் எண், வழங்கும் வங்கியின் பெயர் எல்லாவற்றையும் அவரே தன் கையால் எழுதினார். ஆணையில் அவர் பெயருக்கு முன் இனிஷியல் மட்டும் இருக்கிறது, ஆதாரில் தந்தை பெயர் முழுதாக விரிந்திருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்து எழுதி வேறுபாட்டை அடிக்கோடிட்டது அவர்தான். பணிமனையில் வரைபடத்தைப் பார்த்து அளவு சரிபார்த்தவரின் கண் அது.

அஞ்சல் துறையின் பேமெண்ட்ஸ் வங்கி வழியாகத் தபால்காரர் வீட்டுக்கே வந்து சான்று எடுத்துத் தரும் சேவை 2020 முதல் இருக்கிறது; கட்டணம் 70 ரூபாய். அக்டோபர் 5, சனிக்கிழமை வரச் சொல்லியிருந்தோம். கைப்பேசியோடு இணைத்த சிறிய ரேகைக் கருவியில் தாத்தாவின் பத்து விரல்களையும் அவர் பொறுமையாக வைத்துப் பார்த்தார். வயது ஏற ஏறத் தோல் உலர்ந்து, ரேகையின் மேடு பள்ளம் தட்டையாகிவிடும் என்றும், வயதானவர்களில் பலருக்கு இப்படித்தான் என்றும் சொன்னார். வயதோடு நாற்பதாண்டு அர வேலையும் சேர்ந்த விரல்கள் இவை. முந்தைய ஆண்டு கைகொடுத்த நடுவிரலும் இந்த முறை பதியவில்லை. சான்று உருவானால்தான் கட்டணம் என்று சொல்லி, நாங்கள் நீட்டிய பணத்தை அவர் வாங்க மறுத்துவிட்டார். அவர் போன பிறகு தாத்தா தன் கட்டைவிரலைச் சன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். “இதை வெச்சுத்தான் சோறு தின்னோம்” என்றார். அதற்கு மேல் அதைப் பற்றி அவர் பேசவில்லை.

எஞ்சியது முகம். அடுத்த வாரம் ஆயுத பூசை. அவர் வேலையில் இருந்த நாட்களில் அன்று குடும்பத்தாரைப் பணிமனைக்குள் அழைத்துச் செல்வார்கள். சந்தனம் இட்ட இயந்திரங்களுக்கு நடுவே அவர் தோளில் உட்கார்ந்து பொரியும் சுண்டலும் தின்றது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இப்போது வீட்டில் அவருடைய இரண்டு அரங்களும் அளவு பார்க்கும் ஒரு காலிப்பரும் மட்டும் பூசைக்கு வரும். அக்டோபர் 11 அன்று அவற்றின் பக்கத்தில் என் கைப்பேசியையும் வைக்கச் சொல்லி, தானே பொட்டு வைத்தார். பூசையில் வைத்ததை அன்று தொடக் கூடாது என்பதால், மறுநாள் விஜயதசமி காலையில் வேலையைத் தொடங்கினோம்.

ஆண்ட்ராய்டு கைப்பேசியில் இரண்டு செயலிகள் வேண்டும்: ஜீவன் பிரமாண் செயலி ஒன்று, ஆதார் முக அடையாளத்துக்கான ‘ஆதார் ஃபேஸ் ஆர்டி’ மற்றொன்று. பிந்தையதைத் தரவிறக்கினாலும் திரையில் தனியாகத் தெரியாது, பின்னணியில் இருந்துகொண்டு வேலை செய்யும். முதலில் கைப்பேசியை இயக்குபவர் தன் ஆதார் எண், கைப்பேசி எண், மின்னஞ்சல் கொடுத்து, வரும் ஓடிபியைப் பதிந்து, தன் முகத்தைக் காட்ட வேண்டும். இந்த முதல் பகுதியை ஒருமுறை செய்தால் போதும். அதன் பிறகு அதே கைப்பேசியில் எத்தனை ஓய்வூதியர்களுக்கு வேண்டுமானாலும் சான்று எடுக்கலாம். அடுத்து ஓய்வூதியரின் விவரங்கள். நோட்டைப் பார்த்துத் தாத்தா ஒவ்வோர் எண்ணாகச் சொல்ல நான் தட்டினேன். வழங்கும் வங்கியின் பெயர் வந்த இடத்தில் கைப்பேசியை அவரிடமே கொடுத்துவிட்டேன். பட்டியலை மெதுவாகத் தள்ளி, தன் வங்கியின் பெயரை எழுத்தெழுத்தாக வாசித்து, அவரே அதைத் தொட்டார்.

மறுபடி வேலையில் சேர்ந்திருக்கிறீர்களா, மறுமணம் செய்துகொண்டிருக்கிறீர்களா என்ற இரண்டு கேள்விகள் அதில் வரும். இரண்டாவதை நான் வாசிக்காமலே ‘இல்லை’ என்று தொட்டிருக்கலாம். இவ்வளவு தூரம் அவரையே செய்யவிட்ட பிறகு அதை மட்டும் மறைப்பது சரியாகப் படவில்லை, வாசித்தேன். அவர் கூடத்துச் சுவரில் இருந்த பாட்டியின் படத்தைப் பார்த்து, சிறிது நேரம் கழித்து, “இல்லைன்னு போடு” என்றார்.

முகப் பதிவு முதல் மூன்று முறையும் தோற்றது. சாய்வு நாற்காலிக்குப் பின்னால் சன்னல் இருந்ததால் முகம் இருட்டாக விழுந்தது ஒரு காரணம். மூக்குக்கண்ணாடியில் வெளிச்சம் பட்டுத் தெறித்தது மற்றொன்று. மூன்றாவது காரணத்தைக் கண்டுபிடிக்கத்தான் நேரமானது: உயிருள்ள முகம்தானா என்று அறியச் செயலி கண்ணை இமைக்கச் சொல்கிறது, அந்த அறிவிப்போ சிறிய ஆங்கில எழுத்தில் வருகிறது. அந்தக் காலத்து ஸ்டூடியோவில் படம் எடுக்கும்போது இமைக்கக் கூடாது என்று சொல்லிப் பழக்கியிருந்ததால், தாத்தா மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு கண்ணை அகல விரித்து உட்கார்ந்திருந்தார். நாற்காலியைத் திண்ணைக்கு மாற்றி, வெள்ளைச் சுவர் பின்னால் வரும்படி போட்டு, கண்ணாடியைக் கழற்றி, கைப்பேசியை அவர் கண் மட்டத்துக்கு உயர்த்திப் பிடித்து, “இப்போ கண்ணை மூடித் திறங்க தாத்தா” என்றேன். திரையில் இருந்த வட்டம் பச்சையாகி மூடியது. பிரமாண் எண்ணுடன் குறுஞ்செய்தி வந்தது. அவர் அதை நோட்டில் எழுதி, பக்கத்தில் ‘இன்னும் ஏற்கவில்லை’ என்றும் எழுதிக்கொண்டார். ஜீவன் பிரமாண் தளத்தில் அந்த எண்ணைக் கொடுத்தால் சான்றைத் தரவிறக்கலாம், அதன் நிலையையும் பார்க்கலாம். ஏற்கப்பட்டது என்று தெரிந்த நாளில் நான் சென்னையிலிருந்து அழைத்துச் சொன்னபோது, அந்த வரியை அடித்துவிட்டுத் தேதி போட்டாராம்.

அதற்கு முன், விஜயதசமி அன்றே இன்னொரு வேலை மிச்சமிருந்தது. வங்கி வரிசைக்கு வராதவர்களின் பெயர்களை ஆண்டுதோறும் சொல்வாரே, அவர்களில் ஒருவர் பணிமனையின் கொல்லுப்பட்டறையில் இருந்தவர். பக்கவாதம் வந்து பொன்மலைப்பட்டியில் மகள் வீட்டில் படுக்கையில் இருக்கிறார். “உன் போன்ல எத்தனை பேருக்கு வேணும்னாலும் எடுக்கலாம்னு சொன்னேல்ல?” என்று கேட்டு, மாலையில் என்னை அங்கே அழைத்துச் சென்றார். வெளியே காத்திருந்த ஆட்டோக்காரரிடம் நேரமாகும் என்று சொல்லிவிட்டு வந்து, நண்பரின் ஓய்வூதிய ஆணையைத் தன் கண்ணாடிக்கு அருகே பிடித்து அவரே எண்களை வாசித்தார். தலையணையை உயர்த்தி நண்பரைச் சாய்த்து உட்கார வைத்தபோது கட்டிலுக்குப் பின்னால் சன்னல் வெயில் நேராக அடித்தது. நான் சொல்வதற்குள் தாத்தா தோளில் இருந்த துண்டை எடுத்து, இரண்டு கைகளாலும் விரித்து, சன்னலை மறைத்தபடி நின்றுகொண்டார். “கண்ணை முழிச்சுப் பார்க்காதேப்பா,” என்றார் நண்பரிடம். “மெதுவா மூடித் திற.”