பெயின்ற்போல் திடலுக்குக் கழுவினால் போகும் சாயம் தேர்ந்த அனுபவம்

யாழ்ப்பாணத்து உரும்பிராயில் எங்கள் குடும்பத்துக்குரிய எட்டுப் பரப்புக் காணியில், சாயம் நிரப்பிய உருண்டைகளைக் காற்றுத் துவக்கால் ஒருவர்மேல் ஒருவர் சுட்டு ஆடும் பெயின்ற்போல் (paintball) விளையாட்டுக்குத் திடல் ஒன்றை அமைக்க நானும் மச்சானும் முடிவெடுத்தபோது, கேட்டவர்கள் எல்லோரும் துவக்கைப் பற்றியும் முகக்கவசத்தைப் பற்றியும் வேலியின் உயரத்தைப் பற்றியுமே கேட்டார்கள். எங்களை அதிக காலம் இழுத்தடித்த கேள்வி வேறொன்று. உருண்டை வெடித்துச் சிதறும் சாயம் உடுப்பிலிருந்தும் மதிலிலிருந்தும் எப்படிப் போகும், கழுவிய தண்ணீர் எங்கே போய்ச் சேரும் என்பதற்கு விடை காணாமல் திடலைத் திறப்பதில்லை என்று இருந்தோம். குடாநாட்டில் இதே முயற்சியில் இறங்குபவர்களுக்குப் பயன்படும் என்ற நம்பிக்கையில், நாங்கள் பார்த்து அறிந்ததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் உருண்டைக்குள் என்ன இருக்கிறது என்பதை விளங்கிக்கொள்ள வேண்டியிருந்தது. பொதுவாகப் பயன்படும் உருண்டையின் விட்டம் 0.68 அங்குலம், அதாவது ஏறத்தாழ 17 மில்லிமீற்றர். எடை சுமார் 3 கிராம். மருந்துக்கடையில் விற்கும் மீனெண்ணெய்க் குளிகையைப் போலவே அதற்கும் ஜெலற்றின் தோல் உண்டு. செய்யும் முறையும் கிட்டத்தட்ட அதுவே. உள்ளே இருக்கும் தடித்த திரவத்தின் பெரும்பகுதி பொலிஎதிலீன் கிளைக்கோல். மலச்சிக்கலுக்குக் கொடுக்கும் சில மருந்துகளிலும் முகப்பூச்சுகளிலும் சேரும் இந்தப் பொருள் தண்ணீரில் நன்றாகக் கரையும். இதனோடு உணவில் இடும் வகைச் சாயங்களும் கலவையைத் தடிப்பாக்கும் மாப்பொருள் போன்றவையும் சேர்கின்றன. மதிலுக்குப் பூசும் பெயின்ற் காய்ந்து படலமாக இறுகுவதைப் போல இது இறுகுவதில்லை; காய்ந்த பின்னும் தண்ணீர் பட்டால் இளகிவிடும்.

இந்த விளையாட்டின் தொடக்க காலத்தில் நிலைமை அப்படி இருக்கவில்லை. காட்டு மரங்களையும் கால்நடைகளையும் எட்ட நின்று குறியிடுவதற்காக அமெரிக்காவில் விற்கப்பட்ட துவக்குகளை வைத்தே 1981இல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் முதல் ஆட்டம் ஆடப்பட்டது. அந்த உருண்டைகளில் இருந்தது எண்ணெய் கலந்த பெயின்ற். மரத்தில் இட்ட குறி மழைக்கு அழியக்கூடாது என்பதே அதைச் செய்தவர்களின் நோக்கமாக இருந்ததால், ஆடி முடித்தவர்கள் டர்பென்டைன் கொண்டு தேய்த்துத்தான் அதைப் போக்கினார்கள். மரத்துக்குக் குறியிடும் எண்ணெய் உருண்டைகள் இன்றும் தனியாக விற்கப்படுகின்றன. ஆகவே விலை கேட்கும்போதே, நிரப்பியிருப்பது தண்ணீரில் கரையும் திரவம்தானா என்று எழுத்தில் கேட்டு, எழுத்திலேயே பதில் பெற்றுக்கொள்வது நல்லது. முகக்கவசத்தின் கண்ணாடி பொலிகாபனேற்றால் ஆனது என்பதும் இதற்கு இன்னொரு காரணம். தின்னர் போன்ற கரைப்பான்கள் பட்டால் பொலிகாபனேற்றில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் விழும். அதன் பிறகு அந்தக் கவசத்தை நம்பி ஒரு பிள்ளையைத் திடலுக்குள் விட முடியாது.

யாழ்ப்பாணத்தில் இந்த உறுதி இன்னும் அவசியமாகிறது. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு எங்களுக்கு இல்லை. குடிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் பெரும்பாலும் சுண்ணக்கல்லுக்குள் தேங்கியிருக்கும் மழைநீர்தான். அந்தக் கல்லில் வெடிப்புகளும் பொந்துகளும் நிறைய உண்டு என்பதால், நிலத்தின் மேல் ஊற்றுவது வெகு விரைவில் கிணற்றை எட்டிவிடக்கூடும். சுன்னாகம் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரம் 2014, 2015 ஆண்டுகளில் எவ்வளவு பெரிதாகப் பேசப்பட்டது என்பது இங்குள்ள எவருக்கும் மறந்திருக்காது. பக்கத்து வளவு மாமி வேலியடியில் நின்று, “தம்பி, உந்தச் சாயத் தண்ணி எங்கட கிணத்துக்க இறங்காதோ?” என்று கேட்டது முற்றிலும் நியாயமான கேள்வி. உருண்டைக்குள் இருப்பவை உணவிலும் மருந்திலும் சேரும் வகைப் பொருட்கள் என்று அவருக்கு விளக்கினேன். ஆயினும் அந்த விளக்கத்தோடு நின்றுவிட எனக்கு மனம் வரவில்லை. இரண்டு கிணறுகளுக்கும் எட்ட, காணியின் மேற்குக் கரையில் சீமெந்துத் தளம் ஒன்றைக் கட்டி, உடுப்பும் தடுப்புகளும் அங்கேயே கழுவப்பட்டுத் தண்ணீர் வாழைப்பாத்திக்குப் போகும்படி வாய்க்கால் வெட்டினோம். மேசனுக்குக் கொடுத்த கூலியையும் சாயத்தின் செலவாகவே நான் கணக்கிடுகிறேன்.

அடுத்து நிறம். உருண்டையின் தோல் ஒரு நிறமாகவும் உள்ளிருக்கும் திரவம் வேறொரு நிறமாகவும் இருக்கலாம் என்பதைப் புதிதாக வாங்குபவர்கள் கவனிக்க வேண்டும். பெட்டியில் நீல உருண்டைகளைக் கண்டு நீலச் சாயம் என்று எண்ணினால், உடைக்கும்போது மஞ்சள் வரும். கழுவுவதற்கு முக்கியமானது உள்ளிருக்கும் நிறமே. கொழும்பிலுள்ள இறக்குமதியாளர் ஒருவரிடம் மஞ்சள், வெள்ளை, செம்மஞ்சள், இளஞ்சிவப்பு, நீலம், பச்சை ஆகிய நிறங்களில் மாதிரிப் பொதிகளை வாங்கினோம். அத்தனையிலும் தண்ணீரில் கழுவினால் போகும் என்றே அச்சிடப்பட்டிருந்தது. அந்த வாசகத்தை எங்கள் கிணற்றுத் தண்ணீரில் சோதித்துப் பார்ப்பதே எங்கள் வேலையாயிற்று.

பழைய வெள்ளைப் பருத்திச் சேட், விளையாட்டு அணிகள் போடும் பொலியெஸ்டர் மேற்சட்டை, நைலோன் மழையங்கி, டெனிம் காற்சட்டை ஆகியவற்றைத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு நிறத்தையும் உடைத்துப் பூசினோம். ஒரு தொகுதியை உடனே அலசினோம். ஒரு தொகுதியைப் பின்னேரம் வரை வெயிலில் காயவிட்டோம். மற்றதை மறுநாள் வரை அப்படியே வைத்தோம். பருத்தியிலும் பொலியெஸ்டரிலும் மஞ்சளும் வெள்ளையும் மறுநாள் கழுவியபோதும் போயின. இளஞ்சிவப்பு பருத்தியில் மங்கலாக நின்றது, நைலோனில் முழுமையாகப் பிடித்துக்கொண்டது. நீலமும் பச்சையும் நைலோனில் அதே பிடிவாதம் காட்டின. இதற்குக் காரணம் உண்டு. உணவுச் சாயங்களில் பெரும்பாலானவை அமிலச் சாயங்கள் என்ற வகையைச் சேர்ந்தவை. அவை கம்பளி, பட்டு, நைலோன் ஆகியவற்றின் இழைகளோடு வேதியியல் முறையில் பிணையும். பருத்தியோடு அந்தப் பிணைப்பு மிகவும் பலவீனமானது. எனவே சாயத்தைத் தேர்ந்தெடுப்பதில் பாதி, ஆட வருபவர் எதை உடுத்து வருகிறார் என்பதிலேயே தங்கியிருக்கிறது. நைலோன் அங்கிகளைத் தவிர்க்கும்படி வருபவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம்.

தண்ணீரையும் சவர்க்காரத்தையும் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எங்கள் கிணற்று நீர் சுண்ணாம்பு கரைந்த வன்னீர். அதில் சவர்க்காரக் கட்டி நுரைப்பதற்கு முன், சுண்ணாம்போடு சேர்ந்து வெண்மையான படிவாகத் திரண்டுவிடும். அந்தப் படிவு இழைகளுக்குள் சிக்கிச் சாயத்தையும் தன்னோடு பிடித்து வைத்திருப்பதைத் துண்டுகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது கண்டோம். சலவைத்தூள் வன்னீரிலும் ஓரளவு வேலை செய்யும். ஆயினும் எதையும் போடாமல் வெறும் தண்ணீரில் இரண்டு முறை அலசிவிட்டுத் தூளைக் கரைத்தபோதுதான் துணி தெளிந்தது.

என்னை மிகவும் யோசிக்க வைத்தது செம்மண். திடலின் தரை முழுவதும் உரும்பிராய்ச் செம்மண். கோடையில் சோழகம் வீசும்போது தூள் பறந்து எதிலும் படியும். மஞ்சள் சாயம் பட்ட வெள்ளைச் சேட் ஒன்றை அணிந்து மச்சான் தரையில் ஊர்ந்து ஆடிய பின் அதைக் கழுவினோம்; முழங்கையிலும் நெஞ்சிலும் செம்மஞ்சள் நிறத் திட்டுகள் எஞ்சின. சாயம்தான் போகவில்லை என்று அவர் அந்தப் பொதியையே ஒதுக்கப் பார்த்தார். திட்டை விரலால் நெருடியபோது எனக்கு மாப்போல மென்மையான மணல் தட்டுப்பட்டது. சாயம் படாத முதுகுப் பக்கத்திலும், வியர்வையில் மண் ஒட்டிய இடங்களில் அதே நிறத்தின் மெல்லிய சாயலைக் கண்டோம். சாயம் கரைந்து போயிருந்தது. எஞ்சியது செம்மண்ணுக்கு நிறம் தரும் இரும்பு ஒக்சைட்டு. கிளைக்கோல் பிசுபிசுப்பாக இருப்பதால் மண்ணைத் தன்னோடு ஒட்டவைக்கிறது. அதன் மேல் நாம் தேய்க்கும்போது மண் இழைக்குள் இறங்கிவிடுகிறது. அன்றிலிருந்து ஒரு முறையைக் கடைப்பிடிக்கிறோம். துணியைக் கசக்காமல், தேய்க்காமல், குழாய்த் தண்ணீரை உட்புறத்திலிருந்து வெளிப்புறமாக ஓடவிடுவோம். மண் போன பின்னரே சலவைத்தூளில் ஊறவைப்போம். அம்மா இதைக் கேட்டுவிட்டு, “தோட்டத்து உடுப்பு உப்பிடித்தானே காலங்காலமாத் தோய்க்கிறம்” என்றார். அவர் சொன்னது முழுக்க உண்மை.

மதில்களும் தடுப்புகளும் துணியை விடக் கடினமானவையாக இருந்தன. பூசாத சீமெந்துக் கல்லில் நுண்துளைகள் அதிகம். சாயம் உள்ளே இறங்கிவிட்டால் தும்புத்தடியால் எவ்வளவு தேய்த்தும் நிழல்போல ஒரு கறை நிற்கும். நீலம் அங்கே மிக மோசம். சுண்ணாம்பு அடித்த மதிலைத் தேய்த்தால் சாயத்தோடு சுண்ணாம்பும் சேர்ந்து வருகிறது. பிளாஸ்ரிக் பரல், தறப்பாள், ரயர் ஆகியவற்றில் ஒரு வாளி தண்ணீர் போதுமானது. ஆதலால் தடுப்புகளில் பெரும்பகுதியைப் பரலாலும் ரயராலும் அமைத்துவிட்டு, கட்டாயம் தேவைப்பட்ட குட்டை மதில்களுக்கு மட்டும் பூச்சுத் தேடினோம். எனாமல் வழவழப்பாக இருப்பதால் அதையே அடிக்கலாம் என்று பலர் சொன்னார்கள். புதிய சீமெந்து காரத்தன்மை உடையது. அந்தக் காரம் எனாமலிலுள்ள எண்ணெயைச் சவர்க்காரமாக மாற்றிப் பூச்சை உரித்துவிடும். வெளிச்சுவருக்கான எமல்சனில் மங்கல் வகையை விட அரைப்பளபளப்பு வகையில் நுண்துளைகள் குறைவு. எனவே மதிலைப் பூசி 28 நாட்கள் ஆறவிட்டு, காரத்தைத் தாங்கும் பிறைமர் ஒரு பூச்சும், கரும்பச்சை அரைப்பளபளப்பு எமல்சன் இரண்டு பூச்சும் அடித்தோம். கரும்பச்சையில் மஞ்சள் சாயம் தூரத்திலிருந்தே பளிச்சென்று தெரிவதால், பட்டதா படவில்லையா என்ற சச்சரவும் குறைந்தது.

சிவப்பு நிறத்தை நாங்கள் மாதிரிக்குக்கூடக் கேட்கவில்லை. இரத்தத்தோடு குழம்பி, உண்மையான காயம் கவனிக்கப்படாமல் போகலாம் என்பதால் உலகெங்கும் பல திடல்கள் சிவப்பை அனுமதிப்பதில்லை. எங்கள் ஊரில் அதற்கு மேலும் ஒரு காரணம் இருக்கிறது. வேலிக்கு அப்பால் நடந்து போகிறவர்களில் பலர், சிவப்பு நனைந்த சேட்டை உண்மையாகவே கண்டவர்கள். அவர்களுடைய கண்ணில் அது மீண்டும் படக்கூடாது என்பதில் எனக்கும் மச்சானுக்கும் இரண்டாம் பேச்சு இருக்கவில்லை.

ஜெலற்றின் பன்றியின் அல்லது மாட்டின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கப்படுகிறது. சைவ உணவு மட்டும் உண்பவர்களும் முஸ்லிம் நண்பர்களும் ஆட வருவார்கள். உருண்டை முகக்கவசத்தில் வெடித்தால் துளி ஒன்று வாய்க்குள் தெறிப்பதும் உண்டு. அதனால் தோல் எதிலிருந்து செய்யப்பட்டது என்று விற்பவரிடம் கேட்டு, கிடைத்த பதிலை வருபவர்களுக்குச் சொல்லிவிடுகிறோம். நாய் வளர்ப்பவர்கள் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும். உருண்டைகளை நாய் நிறையத் தின்றால், கிளைக்கோல் உடலின் நீரைக் குடலுக்குள் இழுத்து, இரத்தத்தில் உப்பின் அளவை ஆபத்தான நிலைக்கு உயர்த்திவிடும். பெட்டிகளை மூடியே வைத்திருப்பதும், உடையாமல் விழுந்தவற்றை ஆட்டம் முடிந்த உடனே பொறுக்கிவிடுவதும் எங்கள் வளவில் கண்டிப்பான வழக்கம்.

உருண்டையைக் காக்கும் விதமும் கழுவும் வேலையைக் கூட்டும் அல்லது குறைக்கும். ஜெலற்றின் ஈரத்தை உறிஞ்சி ஊதும், வெப்பத்தில் இளகும். தகரக் கொட்டிலில் வைத்தால் உருண்டை துவக்கின் குழலுக்குள்ளேயே உடைந்து, துவக்கைக் கழற்றிக் கழுவுவதிலேயே பின்னேரம் போய்விடும். நெடுநாள் கிடந்து காய்ந்தவை எதிராளியின் மேல் பட்டும் உடையாமல் தெறித்து நோவைக் கொடுக்கும். வீட்டின் குளிரூட்டிய அறையில் பெட்டிகளை வைத்து, ஒரே பக்கம் அழுந்தித் தட்டையாகாதிருக்கப் பொதிகளை அவ்வப்போது புரட்டிவிடுகிறோம். 2000 உருண்டைகள் கொண்ட பெட்டிகளைக் கோடை முழுவதற்கும் என்று ஒன்றாகக் குவிக்காமல், முன்பதிவைப் பார்த்தே வரவழைக்கிறோம்.

இப்போது நாங்கள் வாங்குவது உள்ளே வெளிர்மஞ்சள் சாயம் கொண்ட உருண்டைகளை மட்டுமே. புதிய தொகுதி வரும் ஒவ்வொரு முறையும் பெட்டிக்கு ஒன்றிரண்டை எடுத்து வெள்ளைப் பருத்தித் துண்டிலும் குட்டை மதிலின் மூலையிலும் உடைத்து, மறுநாள் வரை விட்டுக் கழுவிப் பார்க்கிறோம். கறை நின்றால் அந்தத் தொகுதியைத் திருப்பி அனுப்பலாம் என்பதை விற்பவரோடு முன்பே பேசி எழுதிக்கொண்டோம். ஐப்பசியில் மழை பிடித்ததும் திடலை மூடிவிடுகிறோம். அதற்கு முந்தைய வாரத்திலேயே மதில்களையும் பரல்களையும் தளத்துப் பக்கத்திலிருந்து தொடங்கிக் கழுவி முடிக்கிறோம். மழைத் தண்ணீரோடு சேர்ந்து சாயம் மாமியின் வளவுப் பக்கம் வழிந்தோட இடம் வைப்பதில்லை.