கிணற்றடியில் கேட்டது

மே 3
மகள் இண்டைக்கும் கதவைப் பூட்டிக்கொண்டு படுத்திட்டாள். போட்ட சோறு போட்டபடி.

மே 5
பெறாமகன் பென்டிரைவில போட்டுத் தந்த படத்தை ராத்திரி பார்த்தன். 'ஸ்ப்ளெண்டர் இன் த கிராஸ்', 1961இல எலியா கசான் எடுத்தது. கதை 1928இல, கன்சாஸில. நாட்டலி வுட் பள்ளிக்கூடப் பெட்டையா வாறா. வாரன் பீட்டிக்கு அதுதான் முதல் படம். ஒருத்தரில ஒருத்தர் உயிர். நல்ல பிள்ளையளுக்கு அந்த ஆசையே வராது எண்டு பெட்டையின்ர தாய் சொல்லுறா. முதல்ல யேல் பல்கலைக்கழகத்துக்குப் போ, ஆசைக்கு வேற மாதிரிப் பெட்டையள் இருக்கினம் எண்டு பொடியன்ர தகப்பன் சொல்லுறார். குளிப்புத் தொட்டியில கிடக்கிற மகளிட்டத் தாய் கேக்கிறா, அவன் உன்னைக் கெடுத்துப்போட்டானோ எண்டு.

அதோட நிப்பாட்டிப்போட்டன்.

மே 6
நானும் கேட்டனான். கிணற்றடியில, அவள் தண்ணி அள்ளேக்க. கயிறைக் கைவிட்டிட்டாள். கப்பி கிறீச்செண்டு சுத்தி, வாளி அடியில போய் விழுந்த சத்தம் இன்னும் காதுக்குள்ள நிக்குது. பதினெட்டு முடிஞ்ச பிள்ளை. அண்டையில இருந்து என்னோட கதையில்லை.

மே 8
முறிகண்டியில பாலைப்பழம் வாங்கினன். அவளுக்கெண்டால் உயிர். பை அப்பிடியே கிடக்குது.

மே 9
நித்திரை வரேல்லை. எனக்குப் பொறு எண்டு சொல்ல ஒருத்தரும் இருக்கேல்லை. 2007, பதினேழு வயசு. இயக்கம் சண்டைக்கு வீட்டுக்கு ஒராள் எண்டு பிடிச்ச காலம். தாலி ஏறினால் விடுவினம் எண்டு அம்மா நம்பினா. மஞ்சள் கயிறு, ஒரு வேட்டி, நாலு சனம். கழுத்தில ஈர மஞ்சள் பிரண்டது நினைவிருக்கு. அவரின்ர முகத்தை அண்டைக்கு நான் நிமிர்ந்து பார்க்கேல்லை.

மே 10
வாளி இன்னும் கிணத்துக்குள்ளதான்.

மே 12
மிச்சத்தையும் பார்த்தன். வகுப்பில வேர்ட்ஸ்வொர்த்தின்ர கவிதையை வாசிச்சுக் கருத்துச் சொல்லச் சொல்லி ரீச்சர் அந்தப் பெட்டையை எழுப்பி விடுறா. சொல்லத் தொடங்கி, முடியாமல் அழுதுகொண்டு வெளியில ஓடுறாள். எனக்கு நெஞ்சடைச்சுப் போச்சு. பிறகு மனநோய் ஆஸ்பத்திரி. அந்தச் செலவுக்கெண்டு தாய் தகப்பன் பங்குகளை வித்தவை. அதாலதான் 1929 பங்குச்சந்தைச் சரிவில தப்பினவை. பொடியன்ர தகப்பன் அழிஞ்சார். கடைசியில வெள்ளைச் சட்டையும் தொப்பியுமா அவன்ர பண்ணைக்குப் போறாள். அவனுக்குப் பெண்சாதி, பிள்ளை. ரெண்டு பேரும் மரியாதையாக் கதைக்கினம். அந்த மரியாதையைத்தான் என்னால தாங்கேலாமக் கிடக்கு.

மே 13
பாதாளக்கரண்டி இரவல் வாங்கி வாளியை எடுத்தன்.

மே 16
ராத்திரி அடுப்படிக்கு வந்தாள். நிலத்தில இருந்து பாலைப்பழம் திண்டாள், உதடெல்லாம் பால் ஒட்டி. திடீரெண்டு கேட்டாள்: "அம்மா, உங்களுக்கு அப்பாவைப் பிடிச்சிருந்ததோ?"

என்ன சொல்ல. முதல் பயம்தான் இருந்தது. மெல்லப் பிடிக்கத் தொடங்கேக்க 2009 வந்திட்டுது. வாயில வரேல்லை. கையைக் கழுவிப்போட்டு எழும்பிப் போட்டாள்.

மே 17
கதவு பூட்டேல்லை. லைட் எரியுது. போறன்.