பயித்தஞ்செடிக்கு யூரியா போட முதல் வேரைப் பாருங்கோ

வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கம் பால்கனியில் பயித்தை வைக்கிறவர்களின் பெரிய பிழை, இலை வெளிறின உடனே யூரியா அள்ளிப் போடுறது. காற்றிலுள்ள நைதரசனைப் பிடிச்சுக் கொடுக்க, வேரில் வாற சின்ன முடிச்சுகளுக்குள்ளேயே பக்டீரியா குடியிருக்கு. கூலி, செடி கொடுக்கிற சீனி. யூரியாவிலிருந்தே நைதரசன் தாராளமாகக் கிடைச்சால் செடி அந்தக் கூலியைக் குறைச்சுவிடும், முடிச்சும் சரியாக உருவாகாது.

விதைச்சு 4 கிழமையில் ஒரு செடியை மண்ணோடு கிண்டி எடுத்து, வாளித் தண்ணீரில் அலசுங்கோ. பிடுங்கினால் முடிச்சு அறுந்து மண்ணோடு போயிடும். ஒரு முடிச்சை நகத்தால் கீறுங்கோ. உள்ளே இளஞ்சிவப்பு என்றால் வேலை நடக்குது. எங்கட இரத்தத்தில் இருக்கிறது மாதிரி ஒரு இரும்புப் புரதம்தான் அந்த நிறம். வெள்ளை என்றால் பிஞ்சு, இல்லாட்டி சும்மா இருக்கிற முடிச்சு. பச்சை என்றால் காலம் முடிஞ்சுது.

முடிச்சே இல்லையா? தும்புத்தூள் கலவையில் அந்தப் பக்டீரியா பெரும்பாலும் இராது. முன்பு பயறோ கௌபியோ விளைஞ்ச பாத்தி மண் ஒரு கைப்பிடி, விதைக்கும்போதே குழியில் போடுங்கோ. வெயிலில் காய்ந்த மண் சரிவராது. (போஞ்சிக்கு வேற இனப் பக்டீரியா வேணும், இந்த மண் உதவாது.)

மழைக்குச் சாடியில் தண்ணி தேங்கினாலும் முடிச்சு மூச்சுமுட்டும். அடித்துளையைப் பாருங்கோ.